கரியில் ஒட்டிய தங்கமும் ஒரு ஆக்சிஜன் மெஷினும்: குளுக்கோஸைக் குளுக்கோனேட்டாக மாற்றிய அனுபவம்

காரத்தை அளந்து சொட்டுவிடும் கண்ணாடிக் குழாயான பியூரெட் 24.6 மி.லி.யில் நின்றுவிட்டது. அதற்கு மேல் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தும் பிஎச் மீட்டரில் எண் இறங்கவில்லை. 100 மி.லி. தண்ணீரில் 4.95 கிராம் குளுக்கோஸ் மோனோஹைட்ரேட் போட்டிருந்தேன், அதாவது 25 மில்லிமோல். அது அத்தனையும் குளுக்கோனிக் அமிலமானால் (அதன் உப்புதான் குளுக்கோனேட்) 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு சரியாக 25 மி.லி. செலவாக வேண்டும். ஆக, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் மாறிவிட்டது. வினையூக்கியாகப் போட்டது கால் கிராம் கரித்தூள், அதில் ஒட்டியிருக்கும் தங்கம் வெறும் 2.5 மில்லிகிராம். தங்கம் கிராம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25 ரூபாய்தான். இந்த இடத்துக்கு வந்து சேருவதற்குள் பல்லேடியம், ஊதாவாகத் திரிந்துபோன தங்கம், மீன்தொட்டிப் பம்பு, டீ நிறத்துக்குப் பழுத்த குடுவை என்று ஒரு பெரிய சுற்று சுற்றியாயிற்று. கல்லூரி ஆய்வகத்தில் யாராவது இதை முதுகலை மாணவர் புராஜெக்டாகச் செய்ய நினைத்தால் அவர்களுக்கு அந்தச் சுற்று மிச்சமாகட்டும் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

எதற்கு இந்த வேலை என்று ஒரு வார்த்தை. குளுக்கோஸின் ஒரு முனையில் ஆல்டிஹைடு, மறுமுனையில் ஆல்கஹால், நடுவில் வரிசையாக ஹைட்ராக்சில்கள். நைட்ரிக் அமிலம் போட்டால் இரண்டு முனையும் அமிலமாகிவிடும். ஆல்டிஹைடை மட்டும் தொட்டுவிட்டு மற்றதை அப்படியே விடவேண்டும், அதுதான் சவால். பாடப்புத்தகம் இதற்குப் புரோமின் நீரைச் சொல்லும். முப்பது மாணவர் நிற்கும் அறையில் புரோமின் பாட்டிலைத் திறக்க எனக்கு மனசில்லை. தொழிற்சாலைகளில் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையை வைத்து நொதிக்க வைக்கிறார்கள். அப்படி வரும் சோடியம் குளுக்கோனேட் கான்கிரீட் சீக்கிரம் இறுகிவிடாமல் இருக்கவும் துரு எடுக்கவும் போகிறது, கால்சியம் உப்பு ஊசிமருந்தாகிறது. உலோகமும் காற்றும் தண்ணீரும் மட்டும் வைத்து, ஆட்டோகிளேவ் என்ற உயரழுத்தக் கலம் இல்லாமல், 50 டிகிரியில் நடக்கிற ஆக்சிஜனேற்றம் என்றால் எங்களைப் போன்ற ஆய்வகத்துக்கு அது பெரிய விஷயம்.

குடுவை அமைப்பு கடைசி வரை ஒன்றேதான். 250 மி.லி. மூன்று கழுத்துக் குடுவை. ஒரு கழுத்தில் பிஎச் மின்முனை, ஒன்றில் வாயுக் குழாய், நடுக் கழுத்தில் பியூரெட் முனை. அடியில் நீர்த்தொட்டியோடு காந்தக் கலக்கி. வினை நடக்க நடக்க அமிலம் உண்டாகும், பிஎச் இறங்கும், பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டு அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். விட்ட காரமே கணக்கு, ஒரு மி.லி. போனால் ஒரு மில்லிமோல் அமிலம். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமலே வினையின் வேகம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான் இந்தப் பரிசோதனையின் அழகு. அந்தக் கணக்கு எப்போது பொய் சொல்லும் என்பது அப்புறம் வரும்.

முதலில் பல்லேடியம். ஹைட்ரஜனேற்றத்துக்கு வாங்கிய 5 விழுக்காடு பல்லேடியம்-கரி அலமாரியில் இருந்தது. அரைக் கிராம் போட்டு, பிஎச் 9, 50 டிகிரி, மீன்தொட்டிப் பம்பிலிருந்து காற்று. ஆரம்பம் அமர்க்களம். பியூரெட் அடைப்பைத் திறந்து வைத்தபடியே இருக்கலாம் போல இருந்தது, மூன்று மி.லி. மளமளவென்று போயிற்று. அப்புறம் சொட்டு விழும் இடைவெளி நீண்டுகொண்டே போய், அஞ்சு மி.லி.க்குக் கொஞ்சம் மேலே சுத்தமாக நின்றது. காற்று போதவில்லையோ என்று பம்பின் திருகைக் கூட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது பம்பை நிறுத்திவிட்டு, கலக்கியை மட்டும் ஓடவிட்டுப் போனேன். வந்து பம்பைப் போட்டால் மறுபடி காரம் குடிக்கிறது! கொஞ்ச நேரம்தான், அப்புறம் பழையபடி படுத்துவிட்டது.

காரணம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பல்லேடியத்தின் மேற்பரப்பில் ஆக்சிஜன் அளவுக்கு மேல் ஒட்டிக்கொண்டு குளுக்கோஸ் வந்து உட்கார இடமில்லாமல் செய்துவிடுகிறது. பிளாட்டினத்துக்கும் இதே வியாதி உண்டு. காற்றை நிறுத்தினால் குளுக்கோஸே அந்த ஆக்சிஜனைத் தின்று உலோகத்தைச் சுத்தம் செய்துவிடும், அதனால்தான் சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு உயிர் வந்தது. ஆக, பல்லேடியத்தைப் பட்டினி போட்டுத்தான் வேலை வாங்க வேண்டும். நான் நேர்மாறாகத் திருகைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பம்பைக் கால்மணி ஓட்டி, கால்மணி நிறுத்தி, இப்படியே மாற்றி மாற்றி ஒரு நாள் பூராவும் இழுத்ததில் 17 மி.லி. வரை போயிற்று, அதற்குள் கரைசல் மஞ்சளாகிவிட்டது.

பல்லேடியம்-கரி எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதை மாணவர்களிடம் நான் சலிக்காமல் சொல்வது. வடிகட்டிய கரியை வடிதாளில் காயவிடாதீர்கள். மெத்தனால், எத்தனால் எதையும் அதன் மேல் ஊற்றாதீர்கள். காய்ந்த நிலையில் ஆல்கஹால் ஆவி பட்டால் தானாகப் பற்றும். ஈரமாகவே தண்ணீருக்கடியில் மூடிபோட்ட டப்பாவில் வைத்துவிடுங்கள்.

தங்கத்துக்குப் போவதென்று முடிவு செய்தது இதற்குப் பிறகுதான். தங்கம் வினையே புரியாத உலோகம் என்று காலங்காலமாகச் சொல்லிவந்த கதையை ஜப்பானில் மசதாகே ஹருதா 1987இல் மாற்றினார். நானோமீட்டர் அளவுத் துகளாக்கினால் தங்கம் கார்பன் மோனாக்சைடை அறை வெப்பத்துக்கும் கீழேயே எரிக்கும் என்று காட்டினார். 2002இல் மிலானில் லௌரா பிராட்டி, மிக்கேலே ரொஸ்ஸி குழு, கரி மேல் ஏற்றிய தங்கம் குளுக்கோஸைக் குளுக்கோனேட்டாக மட்டும் மாற்றும் என்று காட்டியது. நான் பின்பற்றியது ஏறக்குறைய அந்த மிலான் வழிதான். முதலில் தங்கக் கூழ்மம், அதாவது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய தங்கத் துகள்கள், செய்து, அப்புறம் அதில் கரியைப் போட்டு ஒட்டவைப்பது.

கரி கிடைப்பதில் நமக்குக் கவலை இல்லை. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யும் ஆக்டிவேட்டட் கார்பன் தமிழ்நாட்டிலேயே நிறைய உற்பத்தியாகிறது, தண்ணீர் சுத்திகரிப்புக்கு விற்கும் பொடியே போதும். ஆனால் அப்படியே போடக்கூடாது. சாம்பல் இருக்கும், தண்ணீரில் போட்டால் பிஎச் ஏறும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு ராத்திரி ஊறவைத்து, கழுவும் நீரில் வெள்ளி நைட்ரேட் விட்டால் வெண்மை வராத வரை வாலைவடிநீரில் கழுவி, 110 டிகிரியில் உலர்த்தினேன். கழுவுவது பொறுமையைச் சோதிக்கும். மாணவர்கள் ‘போதும் சார்’ என்று சொன்ன பிறகும் வெள்ளி நைட்ரேட் ‘போதாது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

தங்கத்துக்கு மூலப்பொருளான குளோரோஆரிக் அமிலம் ஒரு கிராம் குப்பிதான் செலவிலேயே பெரியது. வாங்கிய அன்று ஒரு கிராம் நகைத் தங்கத்தின் விலைக்குப் பக்கத்தில் வந்தது. உள்ளே இருப்பதில் பாதி எடைதான் தங்கம், மீதி குளோரினும் தண்ணீரும். காற்றில் வைத்தால் ஈரம் இழுத்துக் கூழாகிவிடும், இரும்புக் கரண்டி பட்டால் அங்கேயே தங்கம் படியும். ஆகவே குப்பியைத் திறந்த அன்றே முழுவதையும் கரைத்து, 100 மி.லி. அளவுக்குடுவையில் கரைசலாக வைத்து, தாளைச் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். இதனால் ஒவ்வொரு முறையும் பொடியை எடை போடும் தொல்லை இல்லை, பிப்பெட்டில் எடுத்தால் போதும்.

2 கிராம் வினையூக்கிக்கு நான் எடுத்த அளவு: இருப்புக் கரைசலில் 4 மி.லி., அதாவது குளோரோஆரிக் அமிலம் 40 மில்லிகிராம், தங்கம் 20 மில்லிகிராம். இதை 200 மி.லி. வாலைவடிநீரில் விட்டால் வெளிர் மஞ்சள். அதோடு, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்க, 1 விழுக்காடு பாலிவினைல் ஆல்கஹால் கரைசல் 1.3 மி.லி. இந்தப் பாலிவினைல் ஆல்கஹால் குளிர்ந்த நீரில் கட்டி கட்டியாக நின்றுவிடும், 85 டிகிரியில் வைத்துப் பொறுமையாகக் கலக்கித்தான் கரைக்க வேண்டும். பிறகு, கரைந்த தங்கத்தை உலோகமாக ஒடுக்க, 0.1 மோலார் சோடியம் போரோஹைட்ரைடு 5 மி.லி., அதை ஐஸ் தண்ணீரில் அந்த நிமிடம் கரைத்து, வேகமாகச் சுழலும் கரைசலில் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும்.

முதல் கூழ்மம் ஊதாவாக வந்தது. பழைய போரோஹைட்ரைடு பாட்டில், மூடி தளர்ந்து பொடி கட்டிபட்டிருந்தது, ஈரத்தில் பாதி செத்திருக்கும். அதை ஊற்றியதும் மஞ்சள் மெதுவாக மங்கி, ஒரு நிமிடம் கழித்து நாவல்பழச் சாறு நிறத்தில் மாறியது. பார்க்க அவ்வளவு அழகு, மாணவர்கள் படமெல்லாம் எடுத்தார்கள். அழகாக இருப்பதுதான் இங்கே கெட்ட சகுனம். தங்கம் மெதுவாக ஒடுக்கமடைந்தால் சில துகள்கள் பெரிதாக வளரும், ஒன்றோடொன்று ஒட்டும், நிறம் ஊதா பக்கம் போகும். அதைக் கரியில் ஏற்றிப் போட்ட வினையில் பியூரெட் ஏறக்குறைய நகரவே இல்லை.

புதுப் பாட்டில் உடைத்து ஊற்றியபோது நடந்தது வேறு. ஊற்றிய கணமே, கண் இமைப்பதற்குள், மஞ்சள் போய் அடர்ந்த பழுப்பு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் ஓரத்தில் சிவப்பு தெரிகிறது. அழுக்குத் தண்ணீர் மாதிரி இருந்த இதுதான் வேலைக்கு ஆகிற தங்கம். துகள்கள் சில நானோமீட்டர்தான் இருக்கும், எலக்ட்ரான் நுண்ணோக்கி எங்களிடம் இல்லை, நிறத்தை வைத்துத்தான் சொல்கிறேன். அரைமணி கலக்கிவிட்டு, கழுவிய கரி 2 கிராம் போட்டு, நீர்த்த கந்தக அமிலம் விட்டு பிஎச் 2க்கு இறக்கினேன். அமிலம் விடாமல் பார்த்தபோது மணிக்கணக்காகியும் மேலே நிற்கும் நீர் பழுப்பாகவே இருந்தது. அமிலம் விட்ட கொஞ்ச நேரத்தில் கலக்கியை நிறுத்திப் பார்த்தால் கரி அடியில் படிந்து மேலே நிறமில்லாத வெறும் தண்ணீர். வடிநீரில் ஸ்டானஸ் குளோரைடு ஒரு சொட்டு விட்டேன். தங்க அயனி இருந்தால் ஊதா காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றும் இல்லை, போட்ட தங்கம் முழுக்கக் கரியில் ஏறிவிட்டது. வெந்நீரில் கழுவி ராத்திரி முழுக்க உலர்த்தி, சிறு டப்பாவில் அடைத்தேன்.

சரி, இனி வினை. பிஎச் 9.5, 50 டிகிரி, கால் கிராம் வினையூக்கி, அதே மீன்தொட்டிப் பம்பு. பிஎச் மீட்டரை போராக்ஸ் தாங்கலில் (பிஎச் தெரிந்த கரைசல்) திருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அந்தத் தாங்கலின் 9.18 என்ற எண் 25 டிகிரிக்கு மட்டும், 50 டிகிரியில் அது 9.01. குளிர்ந்த தாங்கலில் திருத்திவிட்டுச் சூடான குடுவையில் அளந்தால் எண் எங்கேயோ நிற்கும். தாங்கலையும் அதே நீர்த்தொட்டியில் வைத்துச் சூடாக்கித் திருத்துவதே சுலபம்.

பியூரெட் மணிக்கு ஏறக்குறைய 2 மி.லி. இறங்கியது. மந்தம்தான், ஆனால் நிற்காமல் போகிறது, பல்லேடியம் மாதிரி படுத்துக்கொள்ளவில்லை. இந்த வேகத்தில் போனால் அரை நாளுக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் ஆய்வக உதவியாளர் வந்து ஒரு குண்டைப் போட்டார். மறுநாளைக்காகக் கழுவி, வெறும் தண்ணீர் ஊற்றி, மின்முனை நனைந்திருக்கட்டும் என்று வைத்த குடுவையில் பம்பை நிறுத்த மறந்திருக்கிறோம். “சார், இது வெறுந்தண்ணியிலயும் காரம் கேக்குது சார், நான் ரெண்டு தடவ விட்டுட்டேன்.”

காற்றில் இருக்கும் கார்பன் டைஆக்சைடு! பத்து லட்சத்துக்கு 420 பங்கு என்பது கேட்க ஒன்றுமில்லாத அளவு. ஆனால் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் காற்று போனால் மணிக்கு ஒரு மில்லிமோல் கார்பன் டைஆக்சைடு உள்ளே வருகிறது, ஜன்னல் மூடிய அறையில் ஆட்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தால் இன்னும் கூடும். அதில் பெரும்பகுதியைக் காரக்கரைசல் பிடித்துக்கொள்ளும். குளுக்கோஸும் இல்லாமல் வினையூக்கியும் இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன், மணிக்கு 0.8 மி.லி. போகிறது. ஆக, நான் 2 மி.லி. என்று எழுதி வைத்ததில் ஐந்தில் இரண்டு பங்கு வெறும் சோடா. பல்லேடியச் சுற்றின் 17 மி.லி.யையும் இதே கத்தரியால் வெட்டவேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காற்றை வைத்து இந்தப் பரிசோதனையைச் செய்பவர்கள் வாயுக் குழாய்க்கு முன்னால் அடர் சோடியம் ஹைட்ராக்சைடு புட்டி ஒன்றும், சொட்டு தெறித்து உள்ளே வராமல் இருக்க ஒரு காலிப் புட்டியும் வைத்தே ஆகவேண்டும்.

கார்பன் டைஆக்சைடு போன பிறகு தங்கத்தின் உண்மையான வேகம் மணிக்கு 1.2 மி.லி. என்று ஆயிற்று. வினையூக்கி மட்டம் என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு சின்னச் சோதனை செய்தேன்: கால் கிராமுக்குப் பதில் அரைக் கிராம் போட்டேன். வேகம் அப்படியே இருந்தது. வினையூக்கியை இரட்டித்தும் வேகம் மாறவில்லை என்றால் தட்டுப்பாடு வேறு எங்கோ. கலக்கியின் வேகத்தை 400 சுழற்சியிலிருந்து 1000க்குக் கூட்டினேன். பியூரெட் மணிக்கு 4 மி.லி.யைத் தாண்டியது. தங்கம் சும்மா உட்கார்ந்திருக்கிறது, ஆக்சிஜன்தான் அதனிடம் வந்து சேரவில்லை. 50 டிகிரித் தண்ணீர் காற்றிலிருந்து பிடித்துவைக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு அஞ்சாறு மில்லிகிராம்தான், அதுவும் குமிழியிலிருந்து நீருக்குள் இறங்கி, நீரிலிருந்து கரித்துகளுக்குப் போகவேண்டும். பல்லேடியத்துக்கு ஆக்சிஜன் கூடினால் சாவு, தங்கத்துக்குக் குறைந்தால் சோம்பல். ஒரே குடுவை, ஒரே சர்க்கரை, ஆனால் வாயுத் திருகை எதிரெதிர்த் திசையில் திருப்ப வேண்டியிருக்கிறது. இது மட்டும் முதலிலேயே மண்டையில் ஏறியிருந்தால் பாதி நாட்கள் மிச்சம்.

பம்புக் குழாயின் முனையில் குமிழிவிடும் மீன்தொட்டிக் கல்லும் தகராறு செய்தது. கரித்தூள் அதன் நுண்துளையில் புகுந்து அடைத்து, ஒரு பக்கம் மட்டும் பெரிய பெரிய குமிழி வந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நுண்துளைக் கண்ணாடி வட்டு பதித்த குழாய் ஒன்றை வைத்தேன். குமிழி பொடியாகி, கரைசலே பால் மாதிரித் தெரிந்தது.

ஆக்சிஜன் சிலிண்டர் வாங்க அனுமதி, கையெழுத்து, வைப்புத்தொகை என்று ஒரு பாதை இருக்கிறது. அதில் போகாமல் தப்பித்தது, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரால். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பயத்தில் வாங்கி, இப்போது பரணில் கிடக்கும் மெஷின்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. நண்பர் வீட்டிலிருந்து 5 லிட்டர் மெஷின் ஒன்று வந்தது. 90 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன், மேலேயே மிதவை வைத்த ஓட்டமானி, நிமிடத்துக்கு அரை லிட்டரில் நிறுத்திக்கொள்ளலாம். இன்னொன்று நான் எதிர்பாராதது. உள்ளே நைட்ரஜனைப் பிடிக்கும் ஜியோலைட்டே கார்பன் டைஆக்சைடையும் ஈரத்தையும் பிடித்துக்கொள்கிறது. வெறும் தண்ணீரில் ஓட்டிப் பார்த்தேன், பியூரெட் அசையவே இல்லை. ஒரு கல்லில் இரண்டு மாங்காய். ஒரே நிபந்தனை, அந்த மேஜைப் பக்கம் பர்னர், ஆல்கஹால், எண்ணெய், கிரீஸ் எதுவும் வரக்கூடாது. காய்ந்த கரித்தூளையும் ஆக்சிஜன் ஓடும்போது கொட்டக்கூடாது, தண்ணீரில் குழைத்து முதலிலேயே உள்ளே விட்டுவிட வேண்டும்.

மெஷினைப் போட்டதும் கதையே மாறிவிட்டது. காரம் விட கை ஓயவில்லை. முதல் அரைமணியில் 13 மி.லி., ஒன்றரை மணி நேரத்தில் வினை முடிந்துவிட்டது.

வேகம் வந்ததும் ஆசை வந்தது. காரத்தன்மை கூடினால் தங்கம் இன்னும் வேகமாகும் என்பதால் பிஎச் 11இல் ஒன்று ஓட்டிப் பார்த்தேன். கரைசல் முதலில் வெளிர் மஞ்சள், அப்புறம் டீ. பியூரெட் 14 மி.லி.யில் தளர்ந்தது. எவ்வளவு குளுக்கோஸ் மிச்சம் என்று பார்க்க குளுக்கோமீட்டரைப் பயன்படுத்தினேன். இது நல்ல குறுக்குவழி, ஆனால் பழக்க வேண்டும். ஆரம்பக் கரைசலை 50 மடங்கு நீர்த்தால் டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராம் வரவேண்டும், மீட்டர் 130 பக்கம் காட்டும், ஏனென்றால் அது ரத்தத்துக்கென்று திருத்தப்பட்டது, தண்ணீரில் சிவப்பணு கிடையாது. ஆகவே 0.9 விழுக்காடு உப்பு நீரில் தெரிந்த அளவுக் குளுக்கோஸ் கரைசல்கள் நாலைந்து செய்து, நீங்களே ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். மாதிரியை நடுநிலையாக்கிவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா வைத்துவிட்டு அளக்க வேண்டும். ஏனென்றால் தங்கத்தின் வினையில் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகிறது, எடுத்தவுடன் மாவுச்சத்து-அயோடைடு தாளில் வைத்தால் நீலம் தட்டும்.

பிஎச் 11 குடுவையில் மீட்டர் சொன்னது: குளுக்கோஸ் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். அப்படியானால் 20 மி.லி. காரம் போயிருக்க வேண்டும். போனதோ 14. மீதி எங்கே போயிற்று? ரிசார்சினாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் விட்டுச் சூடாக்கும் செலிவானோஃப் சோதனை செய்தேன், பட்டென்று செர்ரிச் சிவப்பு. ஃபிரக்டோஸ். அதிகக் காரத்தில் குளுக்கோஸ் ஃபிரக்டோஸாகப் புரண்டு, தங்கம் தொடக்கூடிய ஆல்டிஹைடையே இழந்துவிடுகிறது, கூடவே சிதைந்து நிறமும் ஏறுகிறது. 9.5இல் திரும்ப ஓட்டியபோதும் லேசான மஞ்சள் வந்தது, காரணம் பியூரெட் முனைக்குக் கீழே ஒரு கணம் நிற்கும் அடர்காரம். முனையை நேராகச் சுழலின் ஓரத்துக்குத் தள்ளி, மின்முனையை எதிர்ப்பக்கம் மாற்றி வைத்ததும் கரைசல் கடைசி வரை தண்ணீர் மாதிரியே இருந்தது.

சும்மா ஒரு ஒப்பீட்டுக்கு வீட்டுச் சீனியையும் போட்டுப் பார்த்தோம். ஒன்றரை மணி நேரம் ஆக்சிஜன் குமிழிவிட்டும் அரை மி.லி.கூடப் போகவில்லை. சுக்ரோஸில் ஆல்டிஹைடு முனை பூட்டிக் கிடக்கிறது, அதில் இருக்கும் எட்டு ஹைட்ராக்சிலில் ஒன்றைக்கூடத் தங்கம் சீண்டவில்லை. ஒன்றை மட்டும் தொட்டு மற்றதை விடும் ‘தேர்ந்த’ வினை என்ற சொல்லுக்கு வகுப்பில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மருந்துக்கடையில் விற்கும் குளுக்கோஸ் பாக்கெட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள், பலவற்றில் கால்சியம், வைட்டமின் எல்லாம் சேர்ந்திருக்கும், பியூரெட் கணக்கு குழம்பும். ஆய்வகத் தரக் குளுக்கோஸ் ஒன்றும் விலை இல்லை.

பிரித்தெடுப்பது சுலபம். 42ஆம் நம்பர் வடிதாளில் உறிஞ்சு வடிகட்டல், இரண்டு முறை. வடிநீரை நீர்த்தொட்டி மேல் வைத்துச் சுண்டவைத்து 10 மி.லி.யாக்கி, நாலு மடங்கு எத்தனாலில் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளைப் பொடி இறங்கும். அவசரமாக ஊற்றினால் பிசினாக அடியில் ஒட்டிக்கொள்ளும், கண்ணாடித் தண்டால் சுரண்டிக் கெட்டியாக்க வேண்டிவரும். கணக்குப்படி வரவேண்டிய 5.45 கிராமுக்கு 4.7 கிராம் கிடைத்தது. அது குளுக்கோனேட்தான் என்று காட்ட எனக்குப் பிடித்த சோதனை ஒன்று: சோதனைக்குழாயில் தாமிர சல்பேட் கரைசல் கொஞ்சம், அதில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் வெளிர்நீல வீழ்படிவு திரண்டு நிற்கும். நம் பொடியைச் சிட்டிகை போட்டுக் குலுக்கினால் அந்தக் கட்டியெல்லாம் கரைந்து தெள்ளத்தெளிந்த ஆழ்நீலமாகும், ஏனென்றால் குளுக்கோனேட் தாமிரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் குழாயை அப்படியே கொதிநீரில் வையுங்கள். சர்க்கரை மிச்சமிருந்தால் செங்கல் நிறம் வரும். எங்களுடையது நீலமாகவே நின்றது. சர்க்கரையைக் கண்டறியும் ஃபெலிங் கரைசலில் டார்ட்ரேட் செய்யும் வேலையை நம் பொருளே செய்து, தன்னையே சோதித்தும் கொள்கிறது.

அதே கரியை மறுபடி மறுபடி போட்டதில் இரண்டாம் முறை வித்தியாசம் தெரியவில்லை, அப்புறம் மெல்ல இறங்கியது. வடிநீரில் ஸ்டானஸ் குளோரைடு ஊதா காட்டவில்லை, ஆக தங்கம் கரைந்து போகவில்லை. எடை போட்டுப் பார்த்தால் கால் கிராம் 0.2 கிராமுக்கும் கீழே வந்திருந்தது. காந்தத் தண்டு அடியில் உருண்டு கரியை அரைத்து மாவாக்குகிறது, மாவு வடிதாளில் ஒட்டிப் போய்விடுகிறது. அந்தத் தாள்களை ஒன்றுகூட எறியவில்லை. ஒரு டப்பாவில் சேர்கின்றன, சேர்ந்த பின் எரித்துச் சாம்பலை ராஜதிராவகத்தில் கரைத்துத் தங்கத்தை மீட்கலாம்.

அடுத்த முறை மாற்றப்போவது முதலில் இதுதான்: கரிக்குப் பதில் அலுமினா, மேலிருந்து சுழலும் கலக்கி. ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக்கில் 0.3 விழுக்காடு தங்கம் ஏற்றிய அலுமினாவை வைத்து இதே வினையைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறார்கள், வேகம் தேய்ந்ததாகத் தெரியவில்லை. கூடவே, கையால் காரம் விடுவதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும். மண்ணில்லா விவசாயத்துக்கு விற்கும் பிஎச் கன்ட்ரோலரும் குழாயைப் பிசைந்து திரவத்தைத் தள்ளும் சின்னப் பெரிஸ்டால்டிக் பம்பும் போதும், பம்பு எத்தனை நொடி ஓடியது என்று பதிந்தால் அதுவே பியூரெட். பல்லேடியத்தையும் கைவிடவில்லை. பிஸ்மத் உப்பைக் கொஞ்சம் சேர்த்தால் குளுக்கோஸே அதை ஒடுக்கிப் பல்லேடியத்தின் மேல் படியவைக்கும், படிந்த பிஸ்மத் ஆக்சிஜன் மூடிக்கொள்ளாமல் காக்கும் என்பது பிரான்சில் 1990களிலேயே செய்து பார்த்த விஷயம். பிஸ்மத் நைட்ரேட் அலமாரியில் இருக்கிறது. அதற்கு முன் லாக்டோஸ். பால் திரித்த தெளிநீரில் வீணாகப் போகிற சர்க்கரை அது, அதன் ஆல்டிஹைடு முனையும் திறந்துதான் இருக்கிறது, தங்கம் பட்டால் லாக்டோபயோனிக் அமிலம் வரவேண்டும். நேராகப் பால்காரரிடம் ஓடாமல், வாங்கி வைத்த சுத்தமான லாக்டோஸில் முதலில் ஓட்டிவிட்டு, அப்புறம் புரதம் எடுத்த தெளிநீரை முயல்வதாகத் திட்டம்.